பேப்பர் போடுவதா, அவர்களாக அனுப்பும்வரை இருப்பதா?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். சோழிங்கநல்லூரில் ஓர் ஐடி சேவை நிறுவனத்தில் 11 வருடம். வயது 38. ப்ராஜெக்ட் முடிந்து இரண்டு மாதமாக பெஞ்சில், அதாவது சம்பளம் வந்தும் ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல், இருக்கிறீர்கள். உள்ளுக்குள்ளேயே வேறு ப்ராஜெக்டுக்கு நடந்த மூன்று இன்டர்வியூவும் கைகூடவில்லை. பக்கத்து டீமில் நான்கு பேரைக் கூப்பிட்டு வெளியே அனுப்புவது பற்றிப் பேசியிருக்கிறார்கள். மேடவாக்கம் ஃபிளாட்டுக்கு மாதம் 42,000 ஈஎம்ஐ. அப்பாவுக்குச் சர்க்கரை, அவருடைய மருத்துவச் செலவு கம்பெனி இன்ஷூரன்ஸில் ஓடுகிறது. நானே பேப்பர் போட்டுவிட்டு, அதாவது ராஜினாமா செய்துவிட்டு, மரியாதையாக வெளியே வந்துவிடவா, இல்லை அவர்களாக அனுப்பும்வரை இருந்து அப்போது தரும் தொகையை, அந்தப் பேக்கேஜை, வாங்கிக்கொள்ளவா என்று கேட்கிறீர்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றும் கடைசியில் ஒரு வரி இருக்கிறது.

கையில் ஆஃபர் லெட்டர் இல்லாமல் பேப்பர் போடாதீர்கள். அதே சமயம், பேக்கேஜ் வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இது நடக்கும் விதமே வேறு.

நான் சென்னையில் 17 வருடம் எச்ஆரில் இருந்தவள். அதில் கடைசி ஆறு வருடம், ஆட்களைக் கூப்பிட்டுப் பேசும் அந்த அறையில் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அந்த வேலையில் இல்லை. அங்கே பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

"நீயாக வேலையை விடாதே, அவர்கள் அனுப்பட்டும்" என்ற அறிவுரை இணையம் முழுக்க இருக்கிறது. அது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருவது. அங்கே அதற்கு அர்த்தம் உண்டு. வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு அரசு வேலையில்லாக் கால உதவித்தொகை தருகிறது, பல மாநிலங்களில் 26 வாரம் வரை. சரியான காரணம் இல்லாமல் தானாக விட்டவருக்குப் பொதுவாக அது கிடையாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பெரிய அளவில் ஆட்களைக் குறைத்தால் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. ஆகவே அங்கே காத்திருப்பதற்கு ஒரு விலை கிடைக்கிறது. உங்கள் சம்பளத்தில் இருப்பவருக்கு இங்கே அப்படி ஓர் உதவித்தொகை இல்லை. இஎஸ்ஐ-யில் ஒரு திட்டம் உண்டு, ஆனால் அது மாதம் 21,000 வரை வாங்குபவர்களுக்கு.

இன்னொரு பெரிய வித்தியாசம், இங்கே லேஆஃப் என்ற சொல் காகிதத்தில் ஏறுவது அபூர்வம். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள் என்றும் சொன்னது. அப்படி வெளிப்படையாகச் சொல்வது விதிவிலக்கு. வழக்கமாக நடப்பது, ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டு, அவர் கையாலேயே ராஜினாமா எழுதி வாங்குவது. அதனால் நீங்கள் காத்திருப்பதாக நினைக்கும் அந்த டெர்மினேஷன் லெட்டர் வராமலே போகலாம். ஒரு காலண்டர் இன்வைட் வரும். "கரியர் டிஸ்கஷன்" என்றோ "கனெக்ட்" என்றோ தலைப்பு இருக்கும். அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சின்ன அறை, நான்கு நாற்காலி. மேசையில் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு டிஷ்யூ பெட்டியும் அட்மின் ஆட்கள் காலையிலேயே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பதினான்கு வருட அனுபவம் உள்ள ஒரு டெஸ்டிங் லீடை நான் அப்படிக் கூப்பிட்டுப் பேசினேன். "தனிப்பட்ட காரணங்களுக்காக" என்று தொடங்கும் ராஜினாமா மெயில் தயாராக இருந்தது. அவர் லேப்டாப்பில் அதை ஒட்டி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அவர் படித்துப் பார்த்தார். அதில் அவருடைய எம்ப்ளாயி நம்பரில் ஓர் எண் தப்பாக இருந்தது. அதை அவரே திருத்தினார். திருத்திவிட்டு, "மேடம், என் ஒய்ஃபுக்கு ஒரு போன் பண்ணிட்டு அனுப்பட்டுமா" என்று கேட்டார். "அனுப்பிட்டுப் பேசுங்க சார்" என்று நான் சொன்னேன். எனக்குக் கொடுத்திருந்த ஸ்கிரிப்ட் அப்படி. அவர் அனுப்பினார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து, யார் கேட்டாலும் அந்த மெயில் எவ்வளவு மதிப்பானது என்று விளக்காமல் விடுவதில்லை.

ராஜினாமா என்று எழுதிவிட்டால், சட்டத்தின் கண்ணில் உங்களை யாரும் நீக்கவில்லை, நீங்களாகப் போனீர்கள். ஆட்குறைப்புக்கான பாதுகாப்பு எல்லாம் அந்த ஒரு வரியில் போய்விடும். முன்பு நடைமுறையில் இருந்த 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தின்படி, ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டியிருந்தது. அந்த ஒரு வருடத்துக்கு 240 நாள் வேலை செய்திருந்தால் போதும். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் இதே கணக்குத்தான். கூடவே மறுதிறன் பயிற்சி நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளம், நீக்கிய 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்கில் விழ வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

உங்களுக்குப் போட்டுப் பார்ப்போம். இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளம் மாதம் 80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி 40,000. பதினொரு வருடத்துக்கு 4,40,000. நோட்டீஸ் சம்பளம் இதில் சேரவில்லை. ஆட்குறைப்பு இழப்பீடாகத் தொழிலாளிக்குக் கிடைத்தால் 5 லட்சம் வரை வருமான வரி விலக்கும் உண்டு. ராஜினாமா செய்தவருக்குக் கம்பெனி கருணைத் தொகை என்று ஏதாவது தந்தால் அது சம்பளம் போலத்தான், டிடிஎஸ் பிடித்துக்கொண்டு வரும்.

"நான் தொழிலாளியா, ஒயிட் காலர் ஆச்சே" என்று பலர் கேட்பார்கள். இங்கே பதவிப் பெயர் முக்கியமில்லை, நீங்கள் செய்யும் வேலைதான் முக்கியம். கோட் எழுதுவது, டெஸ்ட் செய்வது, சப்போர்ட் பார்ப்பது எல்லாம் தொழில்நுட்ப வேலை, சட்டத்தின் வரையறைக்குள் வரும். மேனேஜர் வேலையும், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்கும் மேற்பார்வை வேலையும் வராது. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று போட்டிருந்தாலும், யாருக்கும் லீவு சாங்ஷன் செய்ததில்லை, அப்ரைசல் போட்டதில்லை, தினமும் வரும் சப்போர்ட் புகார்களைத்தான் பார்த்தேன் என்றால் வாதாட இடம் இருக்கிறது. ஐடி ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை, தொழிற்சட்டங்கள் அவர்களுக்கும் பொருந்தும் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. 2015-இல் வெளியே அனுப்பப்பட்ட சென்னைப் பொறியாளர் ஒருவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொல்லி, சம்பள பாக்கியோடு, சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. அதற்கு ஏழு வருடம் ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஈஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரை வழக்குக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உரிமை இருக்கிறது என்று தெரிந்து அந்த அறையில் உட்காருவது வேறு, தெரியாமல் உட்காருவது வேறு, அவ்வளவுதான்.

எப்படி வெளியே போனாலும் சில தொகைகள் உங்களுடையவை. அவற்றுக்காகப் பயந்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். கிராஜுவிட்டி ஐந்து வருடம் தாண்டியவருக்கு ராஜினாமா செய்தாலும் உண்டு. கடைசி பேசிக் 50,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி 11 வருடத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 3,17,000 வரும். "ஒத்துழைக்காவிட்டால் கிராஜுவிட்டி நின்றுவிடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மோசமான ஒழுங்கீனம், கம்பெனிக்கு நஷ்டம் விளைவித்தது போன்ற சில காரணங்களுக்காக டிஸ்மிஸ் செய்தால் தவிர அதில் கை வைக்க முடியாது. பெஞ்சில் இருப்பது ஒழுங்கீனம் இல்லை. பிஎஃப் உங்கள் பணம், அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், எடுத்துச் செலவழிக்காதீர்கள். சேர்ந்திருக்கும் லீவுக்கான பணம் கம்பெனி விதிப்படி வரும்.

இப்போது மறுபக்கம். ஆஃபர் இல்லாமலே முதலில் பேப்பர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லும் காரணத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 90 நாள் நோட்டீஸ் பீரியட் என்றாலே ரெக்ரூட்டர்கள் போனை வைத்துவிடுகிறார்கள். "இம்மீடியட் ஜாய்னரா? லாஸ்ட் வொர்க்கிங் டே எப்போ?" இதுதான் முதல் கேள்வி. நோட்டீஸில் இருக்கிறேன், இன்னும் 30 நாள்தான் என்றால் அழைப்புகள் கூடுகின்றன. இது உண்மை, நான் ஆள் எடுத்த பக்கமும் இருந்தவள் என்பதால் தெரியும். தனியாள், வீட்டுக் கடன் இல்லை, மார்க்கெட்டில் கேட்கும் ஸ்கில் கையில் இருக்கிறது, ஆறு மாதச் செலவு பேங்கில் இருக்கிறது என்றால் அப்படிச் செய்யலாம் என்றுகூடச் சொல்வேன். உங்கள் விஷயத்தில் வேண்டாம். 42,000 ஈஎம்ஐ, அப்பாவின் மருந்து, 11 வருட அனுபவத்துக்கான இடம் கிடைக்க எடுக்கும் நாட்கள், மூன்றையும் சேர்த்தால் 90 நாள் போதாது. 60-ஆவது நாளுக்கு மேல் வரும் ஆஃபரை, அது எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு இருக்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் முன்பு வாங்கியதில் முக்கால்வாசிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அந்தக் குறைவு அவரை அடுத்த இரண்டு கம்பெனிக்கும் தொடர்ந்தது.

பெஞ்சில் இருக்கும் நாட்களில் உங்களுக்குச் சம்பளம் வருகிறது, நேரமும் இருக்கிறது. இதைச் சம்பளத்தோடு வேலை தேடும் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். காலை இரண்டு மணி நேரம் படிப்பு, மதியம் அப்ளிகேஷன், பழைய டீம் ஆட்களுக்கு போன். ரெஃபரல் மூலம் வரும் இன்டர்வியூதான் உங்கள் அனுபவ நிலையில் உருப்படியாக நடக்கும். பழைய மேனேஜருக்கு போன் செய்யக் கூச்சப்படாதீர்கள், அவர்களும் இதைக் கடந்து வந்தவர்கள்தான். அப்புறம், கம்பெனி சொல்லும் உள் பயிற்சி, உள் இன்டர்வியூ எதையும் தவிர்க்காதீர்கள். டைம்ஷீட்டைச் சரியாகப் போடுங்கள், ஆபீசுக்கு வரச் சொன்ன நாளில் போய் கார்டைத் தட்டுங்கள். காரணம் தேடும் சமயத்தில் முதலில் பார்ப்பது அட்டெண்டன்ஸைத்தான். மூன்று உள் இன்டர்வியூ தேதிகளையும் மெயில்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். நான் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாதபடி இருக்கட்டும்.

இந்த வாரமே சேகரிக்க வேண்டியவை: அப்பாயின்ட்மென்ட் லெட்டர், இன்க்ரிமென்ட் லெட்டர்கள், பே ஸ்லிப்புகள், ஃபார்ம் 16, அப்ரைசல் ரேட்டிங். இவை உங்கள் சொந்த ஆவணங்கள், சொந்த மெயிலில் வைத்துக்கொள்ளலாம். கிளையன்ட் சம்பந்தப்பட்ட ஒரு ஃபைலைக்கூட வெளியே அனுப்பாதீர்கள், அதுவே உங்களை டிஸ்மிஸ் செய்யக் காரணமாகிவிடும். அந்த அறையை விட்டு வெளியே வரும்போது சில சமயம் லேப்டாப்பில் லாகின் போயிருக்கும். அப்போது பே ஸ்லிப் வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டு நிற்க நேரும்.

அந்த இன்வைட் வந்துவிட்டால்? போங்கள். கோபப்பட வேண்டாம், கேளுங்கள். என்ன தருகிறார்கள், எந்தத் தேதி, ரிலீவிங் லெட்டரில் என்ன எழுதுவார்கள், இன்ஷூரன்ஸ் எதுவரை என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இப்படிச் சொல்லுங்கள்: "நீங்கள் சொன்னதை மெயிலில் அனுப்புங்கள், வீட்டில் பேசிவிட்டு இரண்டு நாளில் பதில் சொல்கிறேன்." இதை மூன்று முறை சொல்ல வேண்டி வரலாம். "இன்றைக்குள் போட்டால்தான் இந்த ஆஃபர், நாளைக்கு இருக்காது" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். மறுநாள் அந்த ஆஃபரை எடுத்துவிட்டதாக ஒரு முறைகூட எனக்கு உத்தரவு வந்ததில்லை. எல்லாக் கம்பெனியும் அப்படியே இருக்கும் என்று உறுதி தர முடியாது, ஆனால் யோசிக்க நேரம் கேட்டதற்காக ஒருவருக்கு நஷ்டம் வந்ததை நான் பார்க்கவில்லை.

"போடாவிட்டால் டெர்மினேட் என்று பதிவாகும், பிஜிவி-யில், அதாவது அடுத்த கம்பெனி செய்யும் பின்னணி விசாரணையில், மாட்டுவீர்கள்" என்ற பயமுறுத்தல்தான் பெரும்பாலானவர்களைக் கையெழுத்துப் போட வைக்கிறது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது ராஜினாமா என்று இருப்பது சுலபம். அதனால்தான் நான் உங்களைக் கடைசிவரை முறைத்துக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு உங்கள் ராஜினாமா தேவை, உங்களுக்குச் சுத்தமான ரிலீவிங் லெட்டர் தேவை. பேரம் இந்த இடத்தில்தான் நடக்கிறது. நோட்டீஸ் காலம் முழுக்க, அதாவது 90 நாளும், ஆபீஸ் வராமல் சம்பள ரோலில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதுதான் முதல் கோரிக்கை, ஏனென்றால் இன்ஷூரன்ஸும் அதோடு ஓடும், இன்டர்வியூவில் இன்னும் வேலையில் இருக்கிறேன் என்று உண்மையாகச் சொல்லவும் முடியும். அதற்கு மேல், சட்டப்படியான 15 நாள் கணக்கைச் சொல்லி 4,40,000-ஐ மேசையில் வையுங்கள். முழுதும் வராது. இரண்டு மாதம், மூன்று மாதச் சம்பளம் வரை ஏறியதைப் பார்த்திருக்கிறேன், கேட்டவர்களுக்கு மட்டும். ஜாய்னிங் போனஸ், ட்ரெய்னிங் பாண்ட் என்று எந்தப் பிடித்தமும் கூடாது என்று எழுதி வாங்குங்கள். எல்லாம் மெயிலில் வந்த பிறகு ராஜினாமா அனுப்புங்கள். அதிலும் "தனிப்பட்ட காரணம்" வேண்டாம். "இன்ன தேதி நடந்த பேச்சில் கம்பெனி கேட்டுக்கொண்டபடி" என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால் சேருங்கள். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் காரணமே எழுதாமல் விடுங்கள்.

அழுத்தம் தாங்காமல் அன்றே அனுப்பிவிட்டால், அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அன்று இரவே, "கட்டாயத்தின் பேரில் எழுதினேன், திரும்பப் பெறுகிறேன்" என்று எச்ஆருக்கு மெயில் போடுங்கள், சொந்த மெயிலிலிருந்து. பேச்சு மீண்டும் தொடங்க அதுவே பல சமயம் போதும். அதற்கும் மசியவில்லை என்றால் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கிறது, சமரச அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். தனி ஆளாகவே கொடுக்கலாம். ஐடி ஊழியர் சங்கங்களும் சென்னையில் இயங்குகின்றன, மனு எழுத உதவுவார்கள்.

படிக்கும் பெண்களுக்கு ஒன்று. கர்ப்பமாக இருக்கும்போதோ மகப்பேறு விடுப்பிலோ ராஜினாமா கேட்டால் எழுதிக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உங்கள் சட்ட உரிமை, அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

அப்பாவின் இன்ஷூரன்ஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கம்பெனி பாலிசி கடைசி வேலை நாளோடு நிற்கும். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் போடலாம். குழுக் காப்பீட்டிலிருந்து அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது, இதுவரை இருந்த வருடங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வேலையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது. நாளைக்கே கேளுங்கள்.

இருப்பதே உடம்பைக் கெடுக்கிறது என்றால் என் பதில் மாறும். தினமும் காலையில் போனைத் திறக்கக் கை நடுங்குகிறது, தூக்கமே இல்லை, மருத்துவரிடம் போகும் நிலைமை என்றால், அந்த 4,40,000-க்காக இருக்காதீர்கள். முதலில் மருத்துவ விடுப்பு எடுங்கள், அது உங்களுக்கு உண்டு. அப்புறமும் முடியவில்லை என்றால் வந்துவிடுங்கள்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த டெஸ்டிங் லீட் மெயிலை அனுப்பிவிட்டு, அதே அறையிலிருந்து மனைவிக்கு போன் செய்தார். நான் வெளியே போக எழுந்தேன், கதவு வரைக்கும் பேச்சு காதில் விழுந்தது. மூன்று மாதமாக பெஞ்சில் இருந்ததையே அந்த அம்மாவுக்கு அப்போதுதான் சொன்னார். "ஏங்க எங்கிட்ட சொல்லல" என்ற குரல் போனுக்கு வெளியே கேட்டது. அவர் பதில் சொல்லவில்லை.

இன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு சொல்லுங்கள். ஈஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ், அப்பாவின் மருந்து, பேங்கில் இருப்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள். சம்பளம் நின்றால் எத்தனை மாதம் ஓடும் என்று அந்தத் தாளில் ஓர் எண் வரும். அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். எந்தச் சம்பளத்துக்குக் கீழே ஆஃபர் வந்தால் மறுக்கலாம், பேரத்தில் எவ்வளவு மாதம் கேட்கலாம் என்பதை அதை வைத்துப் பேசுவோம்.